பழைய டாட்ஸனுக்கு வேற்று வண்டியின் பிரேக்

கேள்வி: என்னுடைய டாட்ஸன் 240இசட் காரின் முன்சக்கரங்களுக்கு வேறு வண்டிகளின் பிரேக் பாகங்களைப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம். 1969-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் அறிமுகமான இந்த அழகிய வாகனத்துக்கு முன்புறம் காற்றுவழியில்லாத ஒற்றைத் தகட்டு டிஸ்க்கும் பின்புறம் டிரம்மும் அமைந்திருப்பதால், மலைச்சரிவில் இடைவிடாமல் மிதிக்கும்போது உண்டாகும் உஷ்ணம் எளிதில் வெளியேற மார்க்கமின்றிப் பிடிப்பு க்ஷீணிப்பது சகஜமே. டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பர் இதன் போல்ட் துளைகளிலேயே பொருந்தும். அந்த இனத்திலேயே வாய் அகன்ற காலிப்பரைத் தேர்ந்தால், 1980-களின் நிஸ்ஸான் 300இசட்எக்ஸ் காரின் காற்றுவழி டிஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் காற்றுவழி டிஸ்க்கைப் பொருத்தும் காரியத்தின் ஜீவநாடி, ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையே வைக்கும் வளையத்தில்தான் இருக்கிறது. டிஸ்க் காலிப்பரின் நடுவில் நிற்கும்படி அதன் கனத்தை நிர்ணயித்து, இரு முகங்களும் சமாந்தரமாக அமையும்படி தேர்ந்த லேத் தொழிலாளியிடம் கடைந்துகொள்ள வேண்டும். போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சீராக முறுக்கியபின் டயல் கேஜ் வைத்துச் சுழற்றுங்கள், முள் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால், எத்தனை விலையுயர்ந்த டிஸ்க்கானாலும் பெடலில் நடுக்கம் தோன்றும். இந்த ஒரு சோதனையை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள்.

பிஸ்டன்களின் பரப்பு அதிகரிப்பதால் பெடல் ஆழமாக இறங்கக்கூடும். அப்போது சற்றே பெரிய விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் தேவைப்படும். முன்பின் பிரேக் விகிதமும் மாறுமாதலால், பின் டிரம்களைச் செப்பனிட்டு, ஜனசஞ்சாரமற்ற இடத்தில் பரீட்சித்த பிறகே சாலைக்கு வாருங்கள். பழைய 14 அங்குலச் சக்கரம் புதிய காலிப்பரில் உரசுகிறதா என்பதை, பாகங்களை வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.