செமினாருக்கு வரும் புதிய பிள்ளைகளுக்கு

கணினி உயிரியலில் ஆய்வு செய்யச் சேர்ந்திருக்கிறீர்கள். சிலருக்குப் புரோகிராம் எழுத வரும், செல்லைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது, சிலருக்கு நேர்மாறு. வாராந்தர செமினாரில் பாதிதான் புரிகிறது என்று சிலர் சீக்கிரமே வராமல் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. மனித நோயைப் பற்றிய கணக்கில் பிழை இருந்தால், அது ஒரு நோயாளியின் தலையில் விடிவதற்கு முன் பிடிக்கக்கூடிய இடம் அந்த அறை.

1. முந்தைய நாளே பேச்சாளரின் கட்டுரை ஒன்றைப் புரட்டிவிடுங்கள். படங்கள், அவற்றின் கீழுள்ள குறிப்புகள், மாதிரிகள் எங்கிருந்து வந்தன என்ற பகுதி. இவை போதும்.

2. புது அல்காரிதத்தைக் கண்டு வியப்பதற்கு முன், நோயாளிகள் யார் என்று கேளுங்கள். எந்த ஊர், என்ன வயது, ஒப்பிட எடுத்த ஆரோக்கியமானவர்கள் யார்? இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. இதயம் செயலிழக்கும் அபாயத்தை அது கூட்டுகிறது. 2009-இல் இதை வெளியிட்ட குழுவில் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும் ஒருவர். ஐரோப்பியர்களிடம் மட்டும் தேடியிருந்தால் அகப்பட்டிருக்காது. மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சிலருக்கு, இதயத் தசை தடிக்கும் நோயைத் தரும் மாற்றங்கள் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை போனது. அவை அவர்களிடையே பரவலாகக் காணப்படும் தீங்கற்ற மாற்றங்கள். ஒப்பீட்டுக் குழுவில் கறுப்பினத்தவர் ஒரு சிலர் இருந்திருந்தாலே தவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று 2016-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது.

3. "இந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு நோயாளியா, ஒரு செல்லா?" இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். 8 நோயாளிகளிடமிருந்து 50,000 செல்களை எடுத்து, ஒவ்வொரு செல்லையும் தனி ஆளாக எண்ணினால் பி-மதிப்பு பிரமாதமாக வரும். கையில் இருப்பது என்னவோ 8 பேர்தான். ஒரே உடம்பின் செல்கள் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும்.

4. லேபிள்களைச் சரிபாருங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தே எந்தப் புற்றுக்கட்டிக்கு எந்தக் கீமோ மருந்து பலிக்கும் என்று சொல்லிவிடலாம் என அறிவித்தது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்கள் தாங்களும் அதைப் பயன்படுத்த விரும்பி, அங்குள்ள கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரிடமும் கேட்டார்கள். இருவரும் தரவை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். விடை வரவில்லை. தோண்டத் தோண்ட, மரபணுப் பட்டியல்கள் ஒரு வரி நகர்ந்திருந்தது தெரிந்தது. மருந்துக்கு மசியும் செல், மசியாத செல் என்ற லேபிள்களும் இடம் மாறியிருந்தன. அப்படி மாறினால், பலிக்காத மருந்தையே கணக்கு தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். 2009-இல் அவர்கள் இதைக் கட்டுரையாக வெளியிடுவதற்குள், அந்தக் கணக்கை நம்பிப் புற்றுநோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் பரிசோதனைகள் தொடங்கியிருந்தன. 2010-இல் அவை முடிவாக நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு மூலக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவிலேயே கைவைத்திருந்தது பின்னாளில் வெளிவந்தது. ஆனால் முதலில் வழி திறந்தது, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பொறுமை. உங்கள் அட்டவணையையும் அப்படிப் பாருங்கள். மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும் தொல்லையால் 2020-இல் சில மரபணுக்களுக்குப் பெயரையே மாற்ற வேண்டியிருந்தது.

5. மரபணுப் பெயரைச் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். உடல் பருமனோடு தொடர்புள்ள டிஎன்ஏ மாற்றங்கள் எஃப்டிஓ மரபணுவுக்குள் இருப்பதாக 2007-இல் கண்டார்கள். அவை தொலைவில் உள்ள ஐஆர்எக்ஸ்3 மரபணுவை இயக்குகின்றன என்று 2014-இல்தான் தெரிந்தது. இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறு.

6. மருத்துவர் யாராவது வந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். தரவில் 'சர்க்கரை நோய்: ஆம்' என்று ஒரே சொல்லாக நிற்பது ரத்தப் பரிசோதனையால் வந்ததா, நோயாளி வாய்ச்சொல்லா, காப்பீட்டுக்காக எழுதியதா என்று அவரைக் கேட்டால் தெரியும். டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் கிடைக்கும் விவரம் இது.

7. உங்கள் முறை வரும்போது, முதல் ஸ்லைடுகளிலேயே ஆட்களின் கணக்கைப் போடுங்கள்: எத்தனை பேரிடம் தொடங்கினீர்கள், எத்தனை பேரை விலக்கினீர்கள், ஏன். முடிவு ஒத்துவராத படத்தையும் காட்டுங்கள். கேள்விகள் அங்கேதான் குவியும். கேட்டவரின் பெயரோடு கேள்வியைக் குறித்துக்கொண்டு, அந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள்.