மனக்கவலையும் மாரடைப்பும்: கணவன் மனைவி அறிய வேண்டியவை



மாரடைப்பு என்றதும் பீடி சிகரெட், எண்ணெய்ப் பலகாரம், பருத்த உடம்பு ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. "எங்க வீட்டுக்காரர் ஒல்லியாத்தானே இருக்காரு, அவருக்கு எப்படி நெஞ்சுவலி வந்துச்சு?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வருஷக்கணக்கில் மனசுக்குள் பூட்டி வைக்கும் கவலையே அது.

இந்தியா உள்பட 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2004-ல் வெளிவந்தது. மாரடைப்புக்குத் தொடர்புள்ளவை என்று அது காட்டிய ஒன்பது விஷயங்களில் புகை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி ஆகியவற்றோடு மன அழுத்தமும் இருந்தது. நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாகவே வருகிறது என்பதும் தெரிந்தது. அதாவது, பிள்ளைகள் தலையெடுக்கும் முன்பே குடும்பத் தலைவரோ தலைவியோ விழுந்துவிடக்கூடும்.

கவலை இருதயத்தை எப்படித் தாக்குகிறது?

நம் இருதயம் கைமுஷ்டி அளவுதான். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. வரப்பில் போகும்போது பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். உடம்பில் அட்ரீனலின் என்ற சுரப்புநீர் ஊறுவதால் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுகின்றன. பாம்பு போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

கடனும் குடும்பச் சண்டையும் அப்படிப் போய்விடுவதில்லை. நம்மோடு சாப்பிட உட்காருகின்றன, நம்மோடு படுக்கின்றன. ஆகவே உடம்பு ராப்பகலாகப் பாம்பைப் பார்த்ததுபோலவே இருக்கிறது. இரத்தக் கொதிப்பு கூடுகிறது. சர்க்கரை ஏறுகிறது. தூக்கம் கெடுகிறது. நாளடைவில் இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதுபட்டு, அங்கே கொழுப்பு படிகிறது. போதாக்குறைக்கு, கவலை உள்ளவர் கூடுதலாகப் பீடி பிடிக்கிறார், குடிக்கிறார், வேளாவேளைக்குச் சாப்பிடுவதில்லை, மாத்திரையை மறக்கிறார்.

"துக்கம் தாங்காம நெஞ்சு வெடிச்சுப் போச்சு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அது வெறும் பேச்சு அல்ல. திடீர்த் துக்கத்தாலோ அதிர்ச்சியாலோ, இரத்தக் குழாயில் அடைப்பு இல்லாமலே இருதயம் தளர்ந்து போவதுண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் இதை 1990-ல் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது.

சொல்லாத கடன்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள், தண்ணீர் வரவில்லை. கணவர் மேலும் கடன் வாங்கினார். "அவகிட்ட சொன்னா பயந்துடுவா" என்று மறைத்தார். ஒரு கட்டு பீடி இரண்டு கட்டு ஆயிற்று. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மனைவிக்கு அக்கம்பக்கத்தார் மூலம் விஷயம் தெரிந்தது. "கேட்டா சண்டைதான் வரும்" என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. தமக்கு நெஞ்சு படபடப்பதையும் சொல்லவில்லை. செலவு மிச்சம் என்று, கொதிப்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டார்.

ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து, இரண்டு பேரும் இருதயத்தைக் கெடுத்துக்கொண்டார்கள். கடன் என்னவோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சொல்லியிருந்தாலும் அதே கடன்தான். ஆனால் அதைத் தூக்க நாலு கைகள் இருந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். டிவியும் செல்போனும் வேண்டாம். "இன்னைக்கு மனசுல என்ன ஓடுது?" என்று கேளுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குத்திக்காட்டக் கூடாது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை வாயை அடைத்துவிடும். கடன் இருந்தால் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

2. இருவரும் ஒரே நாளில் போய் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 30 வயதுக்கு மேல் இது அவசியம். கொதிப்பு 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தலைசுற்றல் வந்தால்தான் கொதிப்பு என்று நினைக்காதீர்கள். பலருக்கு எந்த அறிகுறியும் இராது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தர ஏற்பட்டது. கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள்.

3. பீடி, சிகரெட்டை விடுங்கள். விட்டு ஒரு வருஷத்தில், புகையினால் கூடுதலாக வந்த மாரடைப்பு ஆபத்து சுமார் பாதியாகக் குறைகிறது. குடி கவலையைத் தீர்ப்பதில்லை. தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் கவலையை இரட்டிப்பாக்குகிறது.

4. வாரத்தில் ஐந்து நாளாவது அரைமணி நேரம் வேகமாக நடங்கள். சேர்ந்து நடந்தால் பேசவும் நேரம் கிடைக்கும். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

இது பைத்தியமா?

இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சையால் குணமாகும். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. "பிழைச்சு வந்தும் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கடிந்துகொள்ளாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். "இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். அவரைத் தனியே விடாமல், 14416 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். இரவிலும் பேசலாம்.

நெஞ்சுவலி வந்தால்

நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை அபாய அறிகுறிகள். பெண்களுக்குக் கடும் அசதி, குமட்டல், மூச்சுத்திணறல் மட்டுமாகவும் வரலாம். "வாய்வுதான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்றும், "கவலையாலதான் படபடக்குது" என்றும் வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து பெறலாம். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இதற்காகவே ஏற்பட்டது.

தம்பதிகளே, வயலில் ஒருவர் தலைச்சுமையை இன்னொருவர் கைகொடுத்து இறக்குவதைத் தினமும் செய்கிறீர்கள். மனச்சுமைக்கும் அப்படியே கைகொடுங்கள். இன்றிரவே பேச ஆரம்பியுங்கள்.

மனம்விட்டுப் பேசுவோம்! மாரடைப்பைத் தடுப்போம்!