குழந்தைகளுக்குப் பூகம்பப் பாடம்

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி காலை 8 மணி 46 நிமிஷத்திற்குக் கட்ச் பிரதேசத்தில் நிலம் அதிர்ந்தது. அஞ்சார் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அப்பொழுது குடியரசு தின ஊர்வலமாக ஒரு குறுகிய தெருவில் சென்றுகொண்டிருந்தனர். இருமருங்கிலும் இருந்த கட்டடங்கள் சரிந்தன. நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். சால்வை நெசவுக்குப் பேர்போன பூஜோடியிலும் நெசவாளர் வீடுகள் பல இடிந்தன. குஜராத் முழுவதிலும் இறந்தோர் 13,000க்கு மேல்.

இதனைப் பிள்ளைகள் அஞ்சாது அறிந்துகொள்ளச் சில பயிற்சிகள் உள்ளன. உபாத்தியாயர்களிடம் அங்கத்தினர்கள் இவற்றை எடுத்துக் கூறலாம்.

பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் தோளில் ஒருவர் கைவைக்கச் செய்க. கடைசிப் பிள்ளையை மெல்லத் தள்ளினால் தள்ளல் முன்னோக்கி ஓடும்; பூகம்பத்தின் முதல் அலை இத்தகையது. அடுத்து, கயிற்றின் ஒரு நுனியைப் பக்கவாட்டில் உதறினால் நெளிவு ஓடும்; அதுவே இரண்டாம் அலை. முதலாவது விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டரும், மற்றது சுமார் 3½ கிலோமீட்டரும் செல்லும். அவ்வாறாயின் 84 கிலோமீட்டரை ஒன்று 14 விநாடியிலும் மற்றது 24 விநாடியிலும் கடக்கும். இடைவெளி 10 விநாடி. இவ்விடைவெளியைக் கொண்டே பூகம்பம் எவ்வளவு தொலைவில் தோன்றியது என்று கணக்கிடுகின்றனர். நல்ல கணக்குப் பாடம் இது. பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.

நமக்கு மிகவும் உகந்தது அடுத்த பயிற்சி. உருண்டைப் பென்சில்களின்மேல் ஒரு பலகையை வைத்து, அதன்மீது தீப்பெட்டிகளால் இரு சிறு வீடுகள் அடுக்குக. ஒன்றைச் சுற்றி நடுவிலும் மேலிலும் கழிவு நூலால் இறுகக் கட்டுக. பலகையை அசைத்தால் கட்டாத வீடு முதலில் சரியும். கட்டடங்களில் கதவு, ஜன்னல்களுக்கு மேலே சுற்றிவர அமைக்கும் கான்கிரீட் பட்டையும் இவ்வேலையையே செய்கிறது. கட்ச் மக்கள் 'புங்கா' என்றழைக்கும் வட்ட வடிவ மண் வீடுகளில் நன்கு கட்டியவை பல 2001இல் தப்பி நின்றன என்பதையும் சொல்லவேண்டும்.

இறுதியில் தற்காப்புப் பயிற்சி. அதிர்வு நிகழும்பொழுதே வாசலை நோக்கி ஓடுவது பெரும்பாலும் தீங்கானது. மேஜையடியில் புகுந்து தலையை மறைத்து, அதன் காலைப் பற்றிக்கொள்ளவேண்டும். மேஜையில்லாத பள்ளிகளில் ஜன்னலை விட்டு விலகி, உட்சுவரோரம் குனிந்து, புத்தகப்பையால் தலையைக் காக்கலாம். வெளியில் இருப்போர் சுவர்களையும் மின்கம்பங்களையும் விட்டு வெட்டவெளியில் நிற்கவேண்டும்.

பள்ளியிலிருந்து வீடு வரையுள்ள வழியைப் படமாக வரையச் சொல்லி, உயர்ந்த சுவர், தளர்ந்த ஓடு, ஒடுங்கிய சந்து ஆகியவற்றைக் குறிக்கச் செய்க. அப்படம் வீட்டிற்கு வரும்பொழுது தறியை விட்டு எழுந்து ஒருமுறை பாருங்கள். பிள்ளை குறிக்காத விரிசல் சுவர் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.