ஆங்கிலத்துப் பெயர்ச்சொல் வகையும் எம் மாணாக்கர் இடர்ப்பாடும்

ஆங்கில இலக்கணம் பயிலும் மாணவனை நோக்கிப் பெயர்ச்சொல் எத்தனை வகைப்படும் என வினவின், ஐவகைப்படும் என உடனே விடையிறுப்பான். சிறப்புப்பெயர், பொதுப்பெயர், கூட்டப்பெயர், மூலப்பொருட்பெயர், பண்புப்பெயர் என்னும் இவ்வகுப்பு, நெஸ்பீல்டு என்பார் இயற்றிய இலக்கண நூல்கள் வாயிலாக எம்மவரிடையே வேரூன்றியது. யாமும் இக்கல்லூரி வாங்கிலிருந்து அதனை மனனஞ் செய்தோம். சோதனையிற் புள்ளியும் பெற்றோம். ஆயின், கல்லூரியை நீங்கி உத்தியோகங் கோரி முதன்முதல் விண்ணப்பம் வரைந்தபோது, ஆசிரியர்கள் தந்த 'அட்வைஸஸ்' பலவற்றாற் பயனடைந்தோம் என எழுதிவிட்டோம். அதனைப் பார்வையிட்ட பெரியவர் ஒருவர் அச்சொல்லைச் சிவப்பு மையாற் கீறி, "தம்பி, இஃது எண்ணப்படாத பெயர்" என்றார். வகைகளின் பெயரை அறிந்திருந்தோம்; அவற்றின் பயனை அறிந்திலோம்.

இடர்ப்பாடு முதலிரு வகைகளிலேயே தொடங்குகின்றது. நன்னூல் மரபில் மரம் என்பது பொதுப்பெயர். மா, பலா என்பன சிறப்புப்பெயர். ஆங்கிலத்திலோ 'ட்றீ' என்பதும் 'மாங்கோ' என்பதும் ஒருங்கே பொதுப்பெயர்களாம். ஒருவனுக்கோ ஓரிடத்துக்கோ தனக்கே உரியதாக இட்ட பெயரே அங்குச் சிறப்புப்பெயர். அதனையே பெரிய எழுத்தால் தொடங்குதல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராதோர், வாக்கியத்தின் நடுவே மாம்பழத்துக்கும் பெரிய எழுத்து இடுவர்.

பண்புப்பெயர் என்பதிலும் கவனம் வேண்டும். யாம் குணப்பெயர், தொழிற்பெயர் எனப் பிரித்து வழங்குவனவற்றுட் பலவற்றை ஆங்கிலேயர் அவ்வொரு வகையுள் அடக்குவர். 'கைண்ட்னஸ்' குணத்தையும் 'மூவ்மென்ற்' தொழிலையும் உணர்த்தினும், இரண்டும் அவ்வகையினவே.

கூட்டப்பெயர் வினைமுடிபில் ஐயம் விளைக்கும். 'கொமிற்றி' என்பதை ஒரு சபையாகக் கருதின் 'ஹாஸ்' என்றும், உறுப்பினர் பலராகக் கருதின் 'ஹாவ்' என்றும் முடித்தல் பிரித்தானிய வழக்கு. ஒரு வாக்கியத்துள் இரண்டையுங் கலத்தல் வழுவாம்.

இவற்றினும் பெரும்பயன் தருவது எண்ணப்படும் பெயர், எண்ணப்படாத பெயர் என்னும் பாகுபாடு. டென்மார்க்கு நாட்டறிஞர் ஒற்றோ யெஸ்பேர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில் இதனை விளக்கினார். 1942இல் தோக்கியோவில் ஹோர்ன்பியும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட அகராதி, பிறமொழி மாணவர் பொருட்டு இவ்வேறுபாட்டைக் குறியிட்டுக் காட்டியது. எண்ணப்படும் பெயர் ஒருமையில் தனித்து நில்லாது; 'எ' முதலிய சொல்லொன்று அதன் முன் வரல்வேண்டும். எண்ணப்படாத பெயரோ 'எ' என்பதையும் பன்மை விகுதியையும் ஏலாது. எண்ணிக் கூறல் வேண்டின், 'எ பீஸ் ஒவ் அட்வைஸ்' எனல் வேண்டும்.

எம்மவர் இதில் இடறுதற்குக் காரணம் அறியாமை அன்று, தாய்மொழிப் பழக்கமே. தமிழில் மாடு வந்தது, மாடு வந்தன என இரண்டும் பொருந்தும். பால்பகா அஃறிணைப் பெயர் எனப்படும் இவ்வியல்பினால், ஒருமை பன்மை காட்டுஞ் சுமையை வினை தாங்குகின்றது. மேலும், அறிவுரைகள், தகவல்கள், தளபாடங்கள் எனப் பன்மையில் யாம் தயங்காது வழங்குகின்றோம். இவற்றுக்கு நேரான 'அட்வைஸ்', 'இன்போமேசன்', 'பேர்ணிச்சர்' என்பன பன்மையை ஏலா. 'நியூஸ்' என்பது பன்மைபோல் முடியினும் ஒருமை வினையே கொள்ளும்.

சொல் ஒன்றே பொருளுக்கேற்ப வகை மாறுதலும் உண்டு. 'பேப்பர்' தாளாகிய மூலப்பொருளைக் குறிக்குங்கால் எண்ணப்படாது. 'எ பேப்பர்' என்ற அளவிற் செய்தித்தாளோ வினாத்தாளோ ஆகிவிடும். 'அயன்' இரும்பு, 'அன் அயன்' துணி அழுத்தும் பெட்டி. ஆதலின் வகை என்பது சொல்லின் நெற்றியில் எழுதப்பட்ட குறியன்று. வாக்கியத்துள் அது கொண்ட பொருளால் அமைவது.

இன்று இக்கல்லூரியிற் பயிலும் இளஞ்சகோதரர்க்கு யாம் கூறுவது இதுவே. ஐவகையையும் மனனஞ் செய்க; ஆயின் அவ்வளவில் அமையற்க. பெயரொன்றை எழுதுமுன், இது தனி ஒன்றற்கே உரிய பெயரா, ஈண்டு எண்ணப்படுவதா என இரு வினாக்களை உள்ளத்துள் எழுப்புக. முதல் வினா எழுத்தைத் திருத்தும். இரண்டாவது வாக்கியத்தைத் திருத்தும். எமக்குப் பிந்திக் கிடைத்த பாடம் உங்களுக்கு முந்திக் கிடைப்பதாக.