ஊர் காலண்டரைப் படிப்பது எப்படி? ஆரணிக் கடைவீதிக்கு ஒரு பண்டிகைக் கணக்கு

ஒவ்வொரு கடையிலும் கல்லாவுக்கு மேலே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் கடை திறந்ததும் தாளைக் கிழிக்கிறோம். ராகு காலம், எமகண்டம் பார்க்கிறோம். சரக்குப் பிடிக்கவும், கடன் கொடுக்கவும், பாக்கி வசூலிக்கவும் அதே காலண்டர் வழிகாட்டும் என்பதைப் பல நேரங்களில் மறந்துவிடுகிறோம். மளிகைக் கடையின் ஆண்டு லாபத்தில் பெரும்பங்கு சில பண்டிகை வாரங்களில் வருகிறது. முதல் முடங்குவதும் அதே வாரங்களில்தான். ஆகவே இந்த இதழில் பண்டிகைகளையும் ஊர்ச் செய்திகளையும் ஒரு வியாபாரி எப்படிப் படிக்க வேண்டும் என்பதை, கமண்டல நாகநதிக் கரையில் உள்ள நம் ஆரணியை வைத்தே பார்ப்போம். பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர் இது. தறி ஓடினால் கடைவீதி ஓடும். தறி நின்றால் கடைவீதியில் கடன் நோட்டுதான் தடிக்கும்.

1. நகரும் பண்டிகை, நகராத பண்டிகை

முதலில் பண்டிகைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சூரியக் கணக்கில் வருபவை முதல் வகை. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. ஆடி பிறப்பது ஜூலை நடுவில். இவை ஏறக்குறைய நகராதவை. கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25. இவற்றுக்குச் சென்ற ஆண்டு நோட்டைப் பார்த்தே சரக்குப் பட்டியல் போடலாம்.

இரண்டாவது வகை திதியையும் நட்சத்திரத்தையும் ஒட்டி வருபவை. தீபாவளி 2023-ல் நவம்பர் 12; 2024-ல் அக்டோபர் 31; 2025-ல் அக்டோபர் 20. அதாவது ஐப்பசிக் கடைசியிலிருந்து ஐப்பசித் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. இடையில் அதிக மாதம் வருவதால் 2026-ல் மீண்டும் நவம்பர் 8-க்குப் போகிறது. தேதி மாறினால் மாறிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று இருக்கக் கூடாது. மாதச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டில் 8-ஆம் தேதி வரும் தீபாவளிக்குக் கையில் பணம் இருக்கும். 20-ஆம் தேதி வரும் தீபாவளிக்குச் சம்பளம் பாதி கரைந்திருக்கும். முன்னதில் ரொக்க வியாபாரம் கூடும். பின்னதில் பற்று எழுதச் சொல்லிக் கேட்பார்கள். அத்துடன் நவம்பருக்குத் தள்ளிப்போகும் தீபாவளிக்கு மழையின் தொல்லையும் சேரலாம்.

மூன்றாவது வகை பிறை பார்த்து வருபவை. ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக நகரும். 2023-ல் ஏப்ரல் 22. 2024-ல் ஏப்ரல் 11. 2025-ல் மார்ச் 31. சென்ற ஆண்டு நோட்டின் தேதியை அப்படியே பின்பற்றுகிறவர் நோன்பு தொடங்கிய பிறகுதான் பேரீச்சை வாங்க ஓடுவார். நோன்புக் கஞ்சிக்கான பச்சரிசியைப் பள்ளிவாசல்களுக்கு அரசே வழங்குகிறது. எனவே அரிசியைக் குவிப்பதைவிடப் பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, பட்டை, கிராம்பு, பேரீச்சை ஆகியவற்றில் கவனம் வைப்பது நல்லது.

2. தறியின் காலண்டர்

சுவரில் தொங்காத காலண்டர் ஒன்று நம் ஊரில் உண்டு. அது தறி வீட்டின் காலண்டர். மாதச் சம்பளக்காரருக்கு 1-ஆம் தேதி எப்படியோ, அப்படியே நெசவாளருக்குச் சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் நாள். பாவு ஏற்றி, பிணைத்து, நெய்து, அறுத்துக் கொடுக்க வேலைப்பாட்டைப் பொறுத்து வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வீட்டுச் செலவு மளிகைக் கடைப் பற்றில் ஓடும். ஆகவே பற்றுக் கேட்கும் நெசவாளரிடம் "எப்போது தருவீர்கள்?" என்று கேட்பதைவிட, "பாவு எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்பது பொருத்தமான கேள்வி. அவருக்கும் மனம் நோகாது. நமக்கும் சரியான விடை கிடைக்கும்.

இந்தக் காலண்டரில் கவனிக்க வேண்டியவை சில. பல தறி வீடுகளில் அமாவாசையன்று தறியில் உட்காருவதில்லை. ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டிட்டுப் பூஜை செய்வார்கள். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் மூன்றும் அந்த வாரம் தட்டுப்படாமல் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு போட முடியாது, குழித்தறியில் ஈரம் ஏறும், வேலை சுணங்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதங்களில் முதலாளியிடம் சேலை தேங்கினால் அடுத்த பாவு தாமதமாகும். பாவு தாமதமானால் நம் வசூலும் தாமதமாகும்.

தொலைவில் நடப்பதும் இங்கே எட்டும். பட்டு நூலுக்குக் கர்நாடகத்தையும், ஜரிகைக்குச் சூரத்தையும் எதிர்பார்த்திருக்கும் தொழில் இது. வெள்ளி, தங்கம் விலை ஏறினால் ஜரிகை விலை ஏறும், சேலை விலை ஏறும், வாங்குகிறவர் தயங்குவார். பத்திரிகையில் வரும் வெள்ளி விலையை நகைக்கடைக்காரர் மட்டும் பார்த்தால் போதாது. நம் ஊரில் மளிகைக் கடைக்காரரும் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய சாட்சி 2020-ஆம் ஆண்டு. மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியது. கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பி நெய்த பட்டு விற்காமல் நின்றது. மளிகைக் கடைகள் திறந்திருந்தும், பட்டு விற்காத ஊரில் ரொக்கம் எங்கிருந்து வரும்? பற்று வரம்பு வைத்துக் கொடுத்தவர் வாடிக்கையாளரையும் காப்பாற்றினார், தம் முதலையும் காப்பாற்றினார். வரம்பில்லாமல் கொடுத்தவருக்கு மொத்த வியாபாரியிடம் முகம் காட்ட முடியாத நிலை. கடனே கொடுக்காமல் நம் ஊரில் கடை நடத்த முடியாது. அளவு தெரிந்து கொடுப்பதுதான் தொழில்.

3. எந்த விழாவுக்கு எந்தச் சரக்கு?

நம் வட்டாரத்துக்கென்றே சில விழாக்கள் உண்டு. சென்னையில் அச்சான விளம்பரத் தாளைப் பார்த்து அவற்றுக்குச் சரக்குப் பிடிக்க முடியாது.

ஆடி மாதம்: படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி வெள்ளிகளில் கூட்டம் பெருகும். தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவு, நொய், சின்ன வெங்காயம், கருவாடு, மஞ்சள், குங்குமம், கற்பூரம் ஆகியவை போகும். துணிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி. மளிகைக்கு ஆடிக் கூழ்.

மாசி அமாவாசை: அங்காளம்மன் மயானக் கொள்ளை. சுண்டல் கடலை, மொச்சை போன்ற பயறு வகைகள், உப்பு, மிளகு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் கிராக்கி இருக்கும்.

சித்திரை, வைகாசி: சுற்றுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். பல நாள் நடக்கும் விழா என்பதால் விழாக் குழுவினர் மொத்தமாக வாங்குவார்கள். கொடியேற்றத்துக்கு முன்பே குழுவினரைப் பார்த்துப் பேசியவருக்கே அந்த வியாபாரம். வரி வசூல் முடிந்த பிறகுதான் குழுவிடம் பணம் சேரும் என்பதையும் மனத்தில் வைத்து, பாதியை முன்பணமாக வாங்கிக்கொள்வது நல்லது.

கார்த்திகை தீபம்: திருவண்ணாமலைக்குப் போகிறவர் கூட்டம் நம் ஊர் வழியாகவும் போகும். வீட்டுக்கு வீடு அகல் விளக்கு, எண்ணெய், திரி, பொரி, வெல்லம் வேண்டும்.

பூண்டி, திருமலை பக்கத்துச் சமணர் குடும்பங்கள் தீபாவளியை மகாவீரர் முக்தி அடைந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரே பண்டிகை, வீட்டுக்கு வீடு சமையல் வேறு. வாடிக்கையாளரின் வழக்கம் அறிந்து எடுத்து வைப்பவரிடம் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வருவார்கள்.

4. செய்தியைச் சரக்கோடு சேர்த்துப் படியுங்கள்

காலண்டர் நாளைச் சொல்லும்; அந்த நாளில் வியாபாரம் எப்படி இருக்கும் என்பதைச் செய்திதான் சொல்லும். மூன்று உதாரணங்கள்:

பொங்கல் பரிசு. 2021-ல் அரிசி அட்டைதாரருக்குப் பரிசுத் தொகுப்புடன் ரூ.2,500 ரொக்கம் தரப்பட்டது. அந்தப் பணம் கடைவீதிக்கு வந்தது. 2022-ல் ரொக்கம் இல்லை. வெல்லம், முந்திரி, திராட்சை, ஏலக்காய், நெய், பருப்பு என 21 பொருள்கள் கொண்ட தொகுப்பு ரேஷன் கடையிலேயே கிடைத்தது. 2023-ல் பச்சரிசி, சர்க்கரை, கரும்புடன் ரூ.1,000. 2025-ல் அதே பொருள்கள்; ரொக்கம் இல்லை. ஒரே பொங்கலுக்கு நான்கு விதமான நிலைமை. அறிவிப்பு வருமுன் முழுச் சரக்கையும் இறக்குகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவர்தான்.

மழை. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். டிசம்பர் 13-ல் தீபம் ஏற்றப்பட்டது. ஆனால் மண் இளகியிருந்ததால் பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை. விழா நடந்தாலும் நடக்கும் விதம் மாறலாம் என்பதற்கு இது பாடம்.

தேர்தல். 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19 என நம் மாநிலத்தில் வாக்குப்பதிவு நடந்தது. இரண்டும் சித்திரைக் கொள்முதல் நேரம். நடத்தை விதி அமலில் இருக்கும்போது ரூ.50,000-க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்து வைக்கும். பில், வங்கிச் சீட்டு, கடைப் பதிவு நகல் ஆகியவை பையில் இருக்க வேண்டும். கூடுமானவரை வங்கி வழியே பணம் அனுப்புவது மேல்.

5. ஒரு சிறு கணக்கு

பொங்கலுக்கு வெல்லம் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் விலை கிலோ ரூ.50, விற்கும் விலை ரூ.56, பண்டிகைக்குப் பின் மிஞ்சி இளகினால் ரூ.40-க்குத்தான் தள்ள முடியும். கடையில் உண்மையாக விற்பது 880 கிலோ.

முதல் வியாபாரி ஒரே தடவையில் 1,000 கிலோ வாங்குகிறார். அடக்கம் ரூ.50,000. விற்பனை 880 கிலோவுக்கு ரூ.49,280, மீதி 120 கிலோவுக்கு ரூ.4,800; மொத்தம் ரூ.54,080. லாபம் ரூ.4,080.

இரண்டாமவர் முதலில் 600 கிலோ வாங்குகிறார். அறிவிப்பையும் ஓட்டத்தையும் பார்த்து, கிலோவுக்கு ஒரு ரூபாய் அதிகம் கொடுத்து மேலும் 300 கிலோ வாங்குகிறார். அடக்கம் ரூ.30,000 + ரூ.15,300 = ரூ.45,300. விற்பனை ரூ.49,280; மீதி 20 கிலோவுக்கு ரூ.800, மொத்தம் ரூ.50,080. லாபம் ரூ.4,780.

விலை கூடக் கொடுத்தவருக்கே ரூ.700 அதிக லாபம். அத்துடன் தொடக்கத்தில் ரூ.20,000 கையில் மிச்சம் இருந்தது. இரண்டாம் தவணைக்கு வண்டிக்கூலி தனியாக ஆகும் என்றால் அதையும் கழித்துப் பாருங்கள். அது ரூ.700-ஐத் தாண்டாத வரை இந்த முறையே மேல்.

6. தீபாவளிச் சீட்டு: எச்சரிக்கை

மாதாமாதம் பணம் வாங்கித் தீபாவளிக்கு மளிகை, இனிப்பு, பட்டாசு தரும் சீட்டு நம் பக்கத்தில் பழக்கமானது. இதில் சிறு குடும்பங்கள் பணம் இழந்த செய்திகளைச் சமீப ஆண்டுகளில் நிறையப் படித்துவிட்டோம். தறிக் கூலியில் மிச்சம் பிடித்த பணம் அது. ஒரு சீட்டு உடைந்தால் அதை நடத்தியவரோடு நின்றுவிடாது. கடைவீதியில் உள்ள அனைவர் மேலும் நம்பிக்கை போகும்.

சீட்டு நிதிகளுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. தங்கக் காசு, வட்டி, குலுக்கல் பரிசு என்று ஆசை காட்டிப் பணம் வாங்குவது சிறைவரை கொண்டுபோகக் கூடியது. வழக்கறிஞரையோ கணக்கரையோ கேட்காமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். பட்டாசும் அப்படியே, வெடிபொருள் விதிப்படி தற்காலிக உரிமம் பெறாமல், மளிகைக் கடை மூலையில் ஒரு பெட்டிகூட வைத்து விற்கக் கூடாது. எண்ணெயும் சாக்கும் இருக்கும் கடையில் ஒரு பொறி போதும்.

7. பணியாளருக்கும் பண்டிகை உண்டு

1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், மேலும் ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்துடன் விடுமுறை. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். அல்லது சம்பளமும் மாற்று விடுமுறையும் தர வேண்டும். மே 5 வணிகர் தினத்தன்று நாம் கடை அடைத்து நம் உரிமையைப் பேசுகிறோம். நம் கடைப் பையனின் தீபாவளியையும் அதே மனத்தோடு நினைக்க வேண்டும்.

பயிற்சி

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு பண்டிகை என்று எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு குறிப்புகள் போதும்: இந்த ஆண்டு தேதி; வாங்கிய சரக்கு; விற்றது; மிஞ்சியது; கொடுத்த பற்றும் அது வசூலான நாளும்; அந்த வாரத்து ஊர்ச் செய்தி. பண்டிகை முடிந்த மூன்றாம் நாளுக்குள் எழுதிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மறந்துபோகும். மூன்று ஆண்டு எழுதினால், உங்கள் கடைக்கென்று எந்தக் கம்பெனியும் அச்சடித்துத் தர முடியாத ஒரு காலண்டர் உங்கள் கையில் இருக்கும்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்று உழவருக்குச் சொன்னார்கள். பட்டம் பார்த்து விதைப்பது அவருக்கு எவ்வளவு அவசியமோ, பண்டிகை பார்த்துச் சரக்குப் பிடிப்பதும் தறி பார்த்துக் கடன் கொடுப்பதும் நமக்கு அவ்வளவு அவசியம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் தங்கள் நோட்டின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டு வரலாம், ஒப்பிட்டுப் பேசுவோம்.