பூட்டும் டிரைவரும்: உள்ளீட்டு மதிப்பைச் சோதிக்கும் முறை

பம்பாயில் 1897-ஆம் ஆண்டு அர்தேஷீர் கோத்ரெஜ் தொடங்கிய பூட்டுத் தொழில், பிற்காலத்தில் விக்ரோலியில் பெருந்தொழிற்சாலையாக வளர்ந்த நிறுவனத்திற்கு வித்தாயிற்று. லீவர் பூட்டில் சாவியின் ஒவ்வொரு வெட்டும் தனக்குரிய லீவரைக் குறித்த உயரத்திற்கு உயர்த்துதல் வேண்டும். உயரம் குறைந்தாலும் தாழ் அசையாது, மிகுந்தாலும் அசையாது. ஆகவே பூட்டு இரு எல்லைகளையும் சோதிக்கிறது.

கம்ப்யூட்டரிலும் இவ்விதியே வேண்டப்படுகிறது. ஒரு கருவியை இயக்கும் நிரல் டிவைஸ் டிரைவர் எனப்படும். சாதாரண நிரல் பிழைபட்டால் பெரும்பாலும் அது மட்டுமே நின்றுபோகும். டிரைவரோ பெரும்பாலும் கெர்னல் என்னும் உட்பகுதியில் இயங்குவது. அது பிழைபட்டால் கம்ப்யூட்டர் முழுவதுமே நிலைகுலையக்கூடும்.

எடுத்துக்காட்டாக, எட்டு ரிலேக்களை இயக்கும் டிரைவர் ஒன்றைக் கொள்க. அவற்றின் எண்கள் 0 முதல் 7 வரை. “எண் 8-க்குக் குறைவா?” என்று மட்டும் சோதித்தால், குறியுடைய எண்ணாகிய –1 தடையின்றி நுழைந்துவிடும். அப்போது ரிலேப் பட்டியலுக்கு முன்னுள்ள நினைவகப் பகுதியில் டிரைவர் எழுதிவிடும். அங்கு வேறு எதற்கோ உரிய தகவல் அழியும். ஆதலின் கீழெல்லையையும் சோதித்தல் இன்றியமையாதது.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. உபயோகிப்பவர் தரும் மதிப்பை முதலில் கெர்னலின் சொந்த நினைவகத்தில் படியெடுக்க வேண்டும். பின்னர் அப்படியையே சோதித்து, அதையே பயன்படுத்த வேண்டும். மூலத்தைச் சோதித்துவிட்டு மீண்டும் மூலத்தையே படித்தால், இடையில் மற்றொரு நிரல் அதனை மாற்றிவிடலாம். மதிப்பு தகாததாயின், கருவியைத் தொடாமலே பிழை எண்ணைத் திருப்பி அனுப்புதல் நன்று. லினக்ஸில் தகாத மதிப்பிற்குரிய பிழை எண் 22 ஆகும்.

“இத்தகைய மதிப்பு வரவே வராது” என்னும் நம்பிக்கை ஆபத்தானது. ஏரியன்–4 ராக்கெட்டுக்கென எழுதிய நிரற்பகுதி ஏரியன்–5-இலும் பயன்படுத்தப்பட்டது. 1996 ஜூன் 4-ஆம் நாள், அதன் வேகத்தைச் சார்ந்த மதிப்பொன்று 16 பிட் எண்ணின் உச்சமாகிய 32,767-ஐ மீறியது. அம்மாற்றத்திற்குப் பாதுகாப்புச் சோதனை இல்லை. புறப்பட்டுச் சுமார் 40 விநாடிகளில் ராக்கெட் சிதறியது. அது டிரைவரன்று, ஆயினும் பாடம் ஒன்றே.

பயிற்சி: மேற்கூறிய ரிலே டிரைவருக்கு –1, 0, 7, 8 ஆகிய நான்கு மதிப்புகளையும் மாணவர் கொடுத்துப் பார்க்க. நடுவிலுள்ள இரண்டை மட்டும் ஏற்று, ஏனையவற்றை மறுக்கும் டிரைவரே நல்ல பூட்டுக்கு நிகராகும்.