பிள்ளைகளுக்குத் தடுப்பூசி: ஒரு தந்தையின் ஐயங்களும் மார்க்கத்தின் நிலையும்

உத்திரமேரூருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து மார்க்கப் பற்றுமிக்க சகோதரர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்துள்ளார். அவருக்குப் பிள்ளைகள் மூவர். கடைசிப் பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. தட்டம்மை ஊசி போட வரும்படி நர்ஸம்மா ஒவ்வொரு புதன்கிழமையும் ஆளனுப்புகிறாராம். "மூத்த இருவருக்கும் யோசிக்காமல் போட்டுவிட்டேன். இப்போது மனம் ஒப்பவில்லை. ஹஜ்ரத் அவர்கள் விளக்கம் தரவேண்டும்" என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய ஐயங்கள் இவை: அந்த மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் கலந்திருக்கிறது என்கிறார்களே, உண்மையா? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படி நடக்கையில், வராத நோய்க்கு முன்கூட்டியே மருந்து ஏற்றுவது தவக்குலுக்கு மாறாகாதா? நம் மாவட்டத்து ஏழை மக்களை வைத்து முன்பு ஊசி மருந்தைச் சோதித்தார்களாமே? ஊசி போட்ட அன்றே குழந்தைகள் இறந்த செய்தியும் உண்டே?

இப்படிக் கேட்பவரை அறிவிலி என்று ஏசுவோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. தன் குழந்தையின் உடலில் ஏறும் பொருள் யாது என்று கேட்பது தந்தையின் கடமை. அதிலும் அவர் கேட்டவை வெறும் கட்டுக்கதைகள் அல்ல. எனவே இருப்பதை இருப்பதாகவே சொல்லிப் பிறகு மார்க்கத்தின் நிலைக்கு வருவோம்.

சோதனை நடந்தது உண்மைதான். உத்திரமேரூரும் உள்ளடங்கியிருந்த அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-ஆம் ஆண்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கூட்டாக நடத்திய ஆய்வு அது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி. மருந்தும், மற்றவர்க்கு மருந்தில்லாத வெறும் ஊசியும் போட்டு, எவருக்குக் காசநோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. 1979, 1980-லேயே இது வெளியாயிற்று. 15 ஆண்டுக் கணக்கு 1999-இல் அச்சேறியபோதும் முடிவு மாறவில்லை.

இதில் சகோதரர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இந்தக் கசப்பான முடிவை உலகுக்கு அறிவித்தவர்கள் யார்? அந்த ஊசியைப் போட்டவர்களேதாம். ஊசி விற்பதொன்றே நோக்கமாயிருந்தால் அதை மூடி மறைத்திருக்கலாமல்லவா? பச்சிளம் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய காசத்தை அது பெரிதும் தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் தெளிவானதால்தான், இன்றும் பிறந்தவுடன் அந்த ஊசியைப் போடுகிறார்கள். எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று பிரித்துச் சொல்லும் அறிவை நாம் சந்தேகிப்பதைவிட, எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று வாட்ஸ்அப்பில் கூவுகிறவரைச் சந்தேகிப்பது பொருத்தம்.

குழந்தைகள் இறந்ததும் உண்மையே. 2008 ஏப்ரலில் அண்டையிலுள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் அன்றே இறந்தன. அத்தாய்மார்களின் துயரத்தை எந்தக் கணக்கும் ஆற்றாது. அதன்பின் கிராமம் கிராமமாகச் சென்று ஊசி போடுவதைத் தமிழக அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே பிள்ளைகளை வரவழைத்தது. நாடு தழுவிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், 2005-06-இல் தமிழகத்தில் நூற்றுக்கு 81 பிள்ளைகள் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் பெற்றிருந்தனர். 2015-16-இல் அது 70-க்கு இறங்கிவிட்டது. 2019-21-இல் மீண்டும் 89-க்கு ஏறியது. நடுவில் விழுந்ததற்கு அந்த அச்சமும், கூலி வேலையை விட்டுவிட்டுத் தூரத்திலுள்ள நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் சிரமமும் காரணமாயிருக்கும் என்பது நமது கருத்து.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்குமான ஊசியை ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் போடப் புறப்பட்டபோது நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய குரல்பதிவுகளைக் கேட்டுப் பெற்றோர் பலர் அந்நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அம்மாத இறுதியில் முடியவேண்டிய பணியை மார்ச்சுக்கு நீட்டிக்க நேர்ந்தது. மலடாக்கும் மருந்து என்ற பழைய புரளியும் அப்போது உயிர்பெற்றது. வட இந்தியாவில் போலியோ சொட்டு மருந்தைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். 1995 முதல் நாடெங்கும் அச்சொட்டு மருந்தைக் குடித்து வளர்ந்தவர்கள் இன்று தாய் தந்தையராகித் தம் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து நிற்கிறார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்நாட்டில் இயற்கையான போலியோக் கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை.

முஸ்லிம்களின் சந்தேகத்துக்கு வெளிநாட்டில் ஒரு நியாயமான காரணமும் ஏற்பட்டது. 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் அமெரிக்க உளவுத்துறை, தடுப்பூசி போடுவதாக ஒரு மருத்துவரை அனுப்பி வேவு பார்த்தது. இது வெட்கக்கேடான மோசடி. இனி அவ்வாறு செய்வதில்லை என்று 2014-இல் வெள்ளை மாளிகையே சொல்ல நேர்ந்தது. ஆனால் அந்த மோசடியின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? பாகிஸ்தானின் குழந்தைகளும், வீடு வீடாகச் சொட்டு மருந்து கொண்டு சென்று சுடப்பட்டு மாண்ட ஊழியர்களுமே.

இனி மார்க்கத்துக்கு வருவோம்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கிருப்போர் அதைவிட்டு ஓடாதீர்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் என்று கேள்வியுற்று ஸர்க் என்னுமிடத்திலிருந்தே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் அமீருல் மூமினீன் மறுமொழி பகர்ந்தார்கள். பள்ளத்தாக்கின் ஒருபுறம் செழிப்பு, மறுபுறம் வறட்சி. ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது விதிப்படியே என்றும் விளக்கினார்கள். ஆகவே நோய் வருமுன் காத்துக்கொள்வது தவக்குலுக்கு மாறானதன்று. தட்டம்மையையும் பெரியம்மையையும் வெவ்வேறு நோய்களென வேறுபடுத்தித் தனி நூல் எழுதியவரே நம்முடைய ஹகீம் அர்-ராஸீ அல்லவா!

மருத்துவம் செய்யாமல் பொறுமை காத்த நல்லடியார்களும் இருந்தார்களே என்று சிலர் கேட்கலாம். இருந்தார்கள். அவர்கள் பொறுத்தது தங்கள் உடலின் நோயை. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அவர் தவக்குல் செய்ய முடியாது. பிள்ளை தந்தைக்குச் சொத்தன்று, அமானத். வலீ என்பவர் தம் பொறுப்பிலுள்ள சிறாரின் விஷயத்தில் அவர்களின் நலனை ஒட்டியே நடக்கவேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. எத்தீமின் பணத்தில் ஒரு ரூபாயை வீணாக்க அனுமதியில்லாத வலீக்கு, பிள்ளையின் கண்ணையும் உயிரையும் ஆபத்தில் விட அனுமதி எங்கிருந்து வரும்?

தட்டம்மை சாதாரண நோயன்று. நோயுற்ற பிள்ளையின் அருகிலிருக்கும், எதிர்ப்புச் சக்தியில்லாத பத்துப் பேரில் ஒன்பது பேரை அது பற்றிக்கொள்ளும். நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் கொல்லும். பிழைத்தவரில் சிலரின் பார்வையைப் பறிக்கும். ருபெல்லாவோ பிள்ளைக்கு இலேசான காய்ச்சலாய் வந்து போகும். கர்ப்பிணிக்கு ஒட்டினால் கருவிலுள்ள சிசு கண்புரையுடனும் செவிடாகவும் இதயக் கோளாறுடனும் பிறக்கலாம். 2015, 2016-இல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் நோயாலும், 2022-இல் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மையாலும் பிள்ளைகள் மாண்டனர். இரண்டும் நம் சமுதாயத்தார் நிறைந்து வாழும் இடங்கள். ஊசி போடாமல் விடப்பட்ட பிள்ளைகள் அங்கு ஏராளம்.

பன்றிப் பொருள் பற்றிய கேள்விதான் எஞ்சியுள்ளது. மழுப்பாமல் சொல்வோம். தடுப்பூசிகள் சிலவற்றில் மருந்து கெடாமலிருக்க ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். பூனாவில் தயாராகும் இதே தட்டம்மை-ருபெல்லா மருந்தைப் பற்றி 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை ஃபத்வா வெளியிட்டது. தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்பட்டிருப்பதால் அது ஹராம் என்று கூறிய அதே ஃபத்வா, ஹலாலான மாற்று மருந்து இன்னும் இல்லை, போடாவிட்டால் ஆபத்து என்று நம்பகமான வல்லுநர்கள் கூறுகின்றனர், ஆகவே தற்போது அதை உபயோகிப்பது ஆகும் என்றும் தீர்ப்பளித்தது. அச்சே மாகாணத்து மக்கள் முன்பாதியை மட்டும் காதில் வாங்கினார்கள் போலும். அங்கே மிகச் சொற்பமான பிள்ளைகளுக்கே ஊசி போடப்பட்டது. பாதி ஃபத்வா முழுப் பொய்யைவிட வேகமாகப் பரவும்.

நம் இமாம்களின் வழியும் இதற்கு இசைந்ததே. தூய்மையான மாற்று இல்லாதபோது, மது நீங்கலான நஜீஸைக் கொண்டு மருத்துவம் செய்யலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். ஹனஃபீகளில் பிற்கால அறிஞர்கள், பயன் உண்டு என்று திறமையுள்ள மருத்துவர் கூறி, மாற்றும் இல்லையேல் ஆகும் என்கிறார்கள். உப்பளத்தில் விழுந்து உப்பாகவே மாறிவிட்ட கழுதை உப்பின் சட்டத்தைப் பெறும் என்ற இஸ்திஹாலாவின் சட்டமும் ஹனஃபீகளிடம் உண்டு. இதை வைத்து ஜெலட்டினையே ஹலால் என்று கூறும் இக்கால அறிஞர்களும் உள்ளனர். நமக்கு அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை, ளரூரத்தே போதுமானது. இது நோய்க்கு மருந்தல்லவே, தடுப்புத்தானே என்று கேட்கலாம். தட்டம்மை வந்துவிட்டால் அதைக் கொல்லும் மருந்து கிடையாது. எனவே தேவை நோய்க்கு முன்னேயே பிறந்துவிடுகிறது. அதே வேளையில், ஹலாலான மருந்து தயாரிக்கும்படி முஸ்லிம்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கிடைத்த நாளில் இந்தச் சலுகை முடிந்துவிடும்.

ஊசி போடுமிடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: இது எந்த நோய்க்கு, என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது, அடுத்தது எப்போது? சொல்லவேண்டியது அவர்கள் கடமை. தட்டம்மை மருந்தைக் கரைத்து நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். எப்போது கரைத்தது என்று கேட்பதில் தவறில்லை. ஊசிக்குப் பின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வரலாம்; தானே தணியும். ஒன்பது மாதத்து ஊசி ஏறத்தாழ நூற்றுக்கு 85 பிள்ளைகளையே காக்கும் என்பதால், 16 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையே இரண்டாவதையும் போடவேண்டும். தவறவிட்டவர்களுக்கு ஐந்து வயது வரை அரசு நிலையங்களில் போடுகிறார்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நம் சகோதரிகள் சிலர், சவூதியிலோ துபாயிலோ இருக்கும் கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதையும் கேள்விப்படுகிறோம். கேட்பது நல்ல பண்பு. ஆனால் மடியிலுள்ள குழந்தையைப் பேணும் பொறுப்பு தாய்க்குரியது. பசித்த பிள்ளைக்குப் பாலூட்ட அவர் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்வந்த பிறகு கணவருக்குத் தெரிவித்தால் போதும்.